இணையவழிப் பட்டங்களால் பொருளாதாரம் வளருமா, பட்டதாரிகள் எண்ணிக்கை மட்டும்தான் வளருமா?

கணக்கன்:

இணையவழி உயர்கல்வி பற்றி எந்த அறிக்கையை எடுத்தாலும் அதே வாய்ப்பாடுதான். செலவு குறையும், அதிகம் பேர் படிப்பார்கள், அதிகம் பேர் படித்தால் நாடு வளரும். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றிலும் தப்பில்லை. ஆனால் முதலாவதிலிருந்து மூன்றாவதுக்குத் தாவும்போது நடுவில் ஒரு கேள்வி விடுபடுகிறது. இணையப் படிப்பில் சேர்ந்தவர், அது இல்லாவிட்டால் என்ன செய்திருப்பார்? எப்படியும் ஏதோ ஒரு கல்லூரிக்குப் போயிருப்பார் என்றால், மிச்சமானது கட்டடச் செலவு மட்டும்தான். படிக்காமலே இருந்திருப்பார் என்றால்தான் புதிதாக ஒரு திறன் உருவாகியிருக்கிறது.

இதற்கு ஒழுங்காகப் பதில் தேடிய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் 2014-இல் கணினி அறிவியல் முதுகலைப் பட்டத்தை முழுக்க இணையத்தில் கொடுக்கத் தொடங்கியது. மொத்தக் கட்டணமே சுமார் 7,000 டாலர்தான். ஆரம்பத்தில் சேர்க்கைக்கு ஒரு மதிப்பெண் எல்லை வைத்திருந்தார்கள், விண்ணப்பித்தவர்களுக்கு அது தெரியாது. அந்த எல்லைக்கு மயிரிழை மேலே இருந்தவர்களையும் கீழே இருந்தவர்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். இடம் கிடைக்காதவர்களில் பெரும்பாலோர் வேறு எங்கும் போய்ச் சேரவில்லை. அதாவது வேறு கல்லூரியின் மாணவர்களை இந்தப் படிப்பு பறிக்கவில்லை, படிக்கிறவர்களின் கூட்டத்தையே பெரிதாக்கியது. அந்த ஒரு படிப்பு மட்டும் அமெரிக்காவில் ஆண்டுதோறும் வழங்கப்படும் கணினி முதுகலைப் பட்டங்களைச் சுமார் 7 சதவீதம் கூட்டும் என்று 2019-இல் வெளியான அந்த ஆய்வு கணித்தது.

யார் வந்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். வளாக வகுப்பில் இருபதுகளின் நடுவில் இருப்பவர்கள், இணைய வகுப்பில் முப்பதுகளின் நடுவில் இருப்பவர்கள், பெரும்பாலும் வேலையில் இருப்பவர்கள். இவர்கள் ஏன் முன்பு படிக்கவில்லை? கட்டணத்தால் என்று உடனே சொல்லிவிடுவோம். முழுநேரமாகப் படிக்கப் போகிறவருக்குப் பல நேரங்களில் ஆகப் பெரிய செலவு அவர் கைவிடும் சம்பளம்தான். பொருளாதார அறிஞர்கள் ஷுல்ட்ஸும் பெக்கரும் 1960களிலேயே இதைக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். 18 வயதில் கைவிடுவது சின்னச் சம்பளம், படிப்பின் பலனை எடுக்க இன்னும் நாற்பது வருடம் இருக்கிறது. 35 வயதில் கைவிடுவது பெரிய சம்பளம், மீதி இருப்பதோ இருபத்தைந்து வருடம். கூடவே வீட்டுக் கடன், பிள்ளைகள். இந்தக் கணக்கு யாருக்கும் கட்டுப்படியாகாது. வேலையை விடாமல் படிக்கலாம் என்றதும் கணக்கின் பெரிய எண் காணாமல் போகிறது. நாட்டுக்கும் அவருடைய உழைப்பு ஒரு நாள்கூட நிற்கவில்லை.

எனவே என் கட்சி இதுதான்: இணையவழி உயர்கல்வியின் வளர்ச்சிப் பலன் பள்ளி முடித்து வரும் பிள்ளைகளிடம் இல்லை, ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களிடம் இருக்கிறது. அரசுகள் பணம் போடுவதோ பெரும்பாலும் முதல் கூட்டத்துக்கு.

நூலடுக்கு:

நல்ல உதாரணமாகப் பார்த்து எடுத்திருக்கிறீர்கள். மற்றவற்றையும் பக்கத்தில் வைப்போம்.

2011-இல் ஸ்டான்போர்டின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் திறந்துவிட்டபோது சுமார் 1,60,000 பேர் பதிந்தார்கள். அந்த எண்ணைப் பார்த்துத்தான் 2012-இல் யுடாசிட்டி, கோர்செரா, எடெக்ஸ் என்ற இணையப் பாடத் தளங்கள் எல்லாம் கிளம்பின. உலகத்துக்கே இலவசப் பல்கலைக்கழகம் வந்துவிட்டது என்று பேசினார்கள். நடந்தது என்ன? ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எடெக்ஸில் நடத்திய பாடங்களின் ஆறு ஆண்டுத் தரவு 2019-இல் வெளிவந்தது. பதிந்தவர்களில் பாதிக்கு மேல் பாடத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. 2017-18-இல் முடித்தவர்கள் 3 சதவீதத்துக்குச் சற்று மேல். இலவசமாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களையும் அதில் சேர்த்திருக்கிறார்கள் என்பது உண்மைதான். பணம் கட்டிப் பதிந்தவர்களில் முடித்தவர்கள் 46 சதவீதம். ஆனால் வாசலில் நின்ற கூட்டத்தைக் காட்டித்தானே முதலீடு திரட்டினார்கள்?

இன்னொன்று: பென்சில்வேனியா பல்கலைக்கழகம் கோர்செராவில் நடத்திய பாடங்களில் சேர்ந்தவர்களை ஆரம்ப காலத்தில் கேட்டபோது, 80 சதவீதத்துக்கு மேல் ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்கள். படித்தவரே மேலும் படித்தார்.

சரி, படிப்பில் பின்தங்கியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்களா என்றால், பார்த்தார்கள். 2013-இல் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் யுடாசிட்டியோடு சேர்ந்து அடிப்படைக் கணிதம் உள்ளிட்ட பாடங்களை இணையத்தில் நடத்தியது. தேர்ச்சி வளாக வகுப்பை விட மோசம். சில மாதங்களிலேயே திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். யுடாசிட்டி நிறுவனங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பக்கம் போய்விட்டது.

ஆறாம்விரல்:

நான் ஒரு படி கீழே இறங்கிக் கேட்கிறேன். கல்வியே வளர்ச்சியைத் தருகிறது என்று யார் நிரூபித்தார்கள்? பொருளாதார அறிஞர் ஸ்பென்ஸ் 1973-இலேயே சொன்னார், பட்டம் என்பது முதலாளிக்குக் காட்டும் அடையாளம் மட்டுமாகவும் இருக்கலாம் என்று. மூன்றாம் ஆண்டு வரை படித்துவிட்டு நின்றவருக்கும் நான்காம் ஆண்டையும் முடித்தவருக்கும் சம்பள வித்தியாசம் ஒரு வருடப் படிப்புக்கு உரியதை விட மிக அதிகம். கடைசி வருடத்தில் மட்டும் என்ன அதிசயத்தைக் கற்றுக்கொடுக்கிறார்கள்? காகிதத்துக்குத்தான் காசு. அப்படியானால் இணையத்தில் பத்து மடங்கு காகிதம் அச்சடித்தால் குமாஸ்தா வேலைக்கு முதுகலை கேட்பார்கள், வேறொன்றும் நடக்காது.

கணக்கன்:

@ஆறாம்விரல், பாதி ஒத்துக்கொள்கிறேன். பொருளாதார அறிஞர் லான்ட் பிரிட்செட் 2001-இல் பல நாடுகளின் தரவை வைத்து, மக்கள் படித்த ஆண்டுகள் கூடியதற்கும் ஒரு தொழிலாளிக்கான உற்பத்தி கூடியதற்கும் தொடர்பே தெரியவில்லை என்று காட்டினார். அவர் சொன்ன சாத்தியமான காரணங்கள் மூன்று: பள்ளியில் உண்மையில் ஒன்றும் கற்பிக்கப்படவில்லை, படித்தவர்களுக்குத் தேவை பெருகவில்லை, படித்தவர்கள் போன இடம் செல்வம் உருவாக்கும் இடமல்ல. பிறகு ஹனுஷெக், வூஸ்மன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள், படித்த ஆண்டுகளை விட்டுவிட்டுத் தேர்வுகளில் தெரியும் திறனை எடுத்துக்கொண்டால் வளர்ச்சியோடு வலுவான தொடர்பு இருப்பதைக் காட்டினார்கள். ஆண்டும் பட்டமும் வளர்ச்சி தராது. திறன் தரும், அதுவும் அதைப் பயன்படுத்தும் வேலை இருந்தால்.

இதனால்தான் வேலையில் இருப்பவர் மேல் எனக்கு இத்தனை அக்கறை. ஏற்கெனவே கிடங்கு மேலாண்மையில் இருப்பவர் புள்ளியியல் படித்தால் மறுநாள் காலை அதை எங்கே போடுவது என்று அவருக்குத் தெரியும். அடையாளம் காட்டவேண்டிய அவசியம் அவருக்குக் குறைவு, பத்து வருட வேலையே அவருக்கு அடையாளம். பிரிட்செட் சொன்ன மூன்றாவது காரணம் மட்டும் இங்கேயும் நிற்கிறது, அவர் வேலை பார்க்கும் இடம் உருப்படியாக இருக்கவேண்டும். அதை எந்தப் பல்கலைக்கழகமும் சரிசெய்ய முடியாது.

விடைத்தாள்:

இணையவழிப் பட்டப் படிப்பு ஒன்றில் பயிற்றுநராக இருக்கிறேன். எல்லோரும் மாணவர் பக்கத்திலிருந்து பேசுகிறீர்கள், நான் சமையலறைப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

1966-இல் பௌமல், போவன் என்ற பொருளாதார அறிஞர்கள் ஒரு நால்வர் இசைக்குழுவை உதாரணம் காட்டினார்கள். நூறு வருடத்துக்கு முன் ஓர் இசைக்கோவையை வாசிக்க நால்வரும் அரைமணி நேரமும் தேவை, இன்றும் நால்வரும் அரைமணி நேரமும்தான். தொழிற்சாலையில் உற்பத்தித் திறன் ஏற ஏற ஊதியம் ஏறும், இசைக்கலைஞருக்கும் அதற்கு ஈடாகக் கொடுத்தாக வேண்டும், ஆகவே கச்சேரி மட்டும் விலை ஏறிக்கொண்டே போகும். கல்லூரிக் கட்டணம் ஏறுவதற்கும் இந்த விளக்கத்தைத்தான் சொல்வார்கள். இணையம் இந்தத் தளையை உடைத்துவிட்டது என்று பேச்சு.

விரிவுரையைப் பொறுத்தவரை உடைத்தது. ஒரு முறை பதிவு செய்தால் லட்சம் பேர் பார்க்கலாம். ஆனால் மாணவர் எங்கே தடுக்கி விழுகிறார்? விரிவுரையில் இல்லை. மூன்றாவது வாரத்தில் ஒரு சூத்திரம் புரியவில்லை, கேட்க ஆளில்லை, நான்காவது வாரப் பயிற்சியைக் கொடுக்கவில்லை, ஐந்தாவது வாரம் உள்ளே வரவில்லை. அவ்வளவுதான், போய்விட்டார். அந்த மூன்றாவது வாரத்தில் ஒருவர் பதில் எழுதினால் படிப்பைத் தொடர்கிறார். அந்த ஒருவர் இன்னும் மனிதர்தான், அவருக்குச் சம்பளம் உண்டு.

கணக்கன் சொன்ன ஜார்ஜியா டெக் படிப்பும் ஏராளமான துணைப் பயிற்றுநர்களை வைத்துத்தான் ஓடுகிறது. 2016-இல் அங்கே அசோக் கோயல் தன் பாடத்தில் ‘ஜில் வாட்சன்’ என்ற மென்பொருளைத் துணைப் பயிற்றுநராக விட்டார், வழக்கமான கேள்விகளுக்கு அது பதில் சொன்னது. காலக்கெடு எப்போது, கோப்பை எந்த வடிவில் அனுப்புவது போன்றவற்றுக்கு இப்போது எங்களிடமும் ஏதோ ஒரு வடிவில் அப்படி இருக்கிறது. நல்ல உதவி. ஆனால் அரைகுறையாகச் சரியான ஒரு விடையைப் படித்து, எங்கே யோசனை திசை மாறியது என்று கண்டுபிடித்து எழுதும் வேலை எனக்கு இன்னும் குறையவில்லை.

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதை ஆரம்பத்திலேயே புரிந்துகொண்டது. 1969-இல் சாசனம், 1971-இல் முதல் மாணவர்கள், சேர முன்தகுதி எதுவும் கேட்கவில்லை. பாடத்தைத் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் போட்டார்கள். அதோடு விட்டுவிடவில்லை, தாள் திருத்தவும் சந்தேகம் தீர்க்கவும் ஊர் ஊராகப் பயிற்றுநர்களை அமர்த்தினார்கள். செலவைக் குறைக்கிறேன் என்று இந்தப் பகுதியை வெட்டும் எந்த இணையப் படிப்பும் பெயர்ப் பதிவுகளை மட்டுமே உற்பத்தி செய்யும்.

இன்னொரு தகவல், இது நேர்முக வகுப்பு பற்றியது என்றாலும் பொருந்தும். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரிகளில் ‘அசாப்’ என்று ஒரு திட்டம். நெருக்கமான ஆலோசகர், போக்குவரத்துச் செலவு, பாடநூல், தனிப்பயிற்சி. மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தார்கள். மூன்று ஆண்டில் பட்டம் முடித்தவர்கள் திட்டத்தில் 40 சதவீதம், வெளியே 22 சதவீதம். ஒரு மாணவருக்கான செலவு கூடியது, ஒரு பட்டத்துக்கான செலவு குறைந்தது. நிர்வாகிகளிடம் இந்தக் கடைசி வரியைச் சொன்னால் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொள்கிறார்கள்.

மழைக்குருவி:

கணக்கன் அவர்களே, “வேலையை விடாமல் படிக்கலாம் என்றதும் பெரிய எண் காணாமல் போகிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். காணாமல் போகவில்லை, உங்கள் பேரேட்டிலிருந்து வேறு பேரேட்டுக்குப் போய்விட்டது. நான் வேலை பார்த்துக்கொண்டே இணையத்தில் முதுகலை படித்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் பாடம். சம்பளத்தை நான் இழக்கவில்லை, தூக்கத்தை இழக்கிறேன். அதற்கு உள்நாட்டு உற்பத்திக் கணக்கில் இடமில்லை என்பதால் செலவே இல்லை என்று ஆகிவிடாது.

வீட்டு வேலை யார் தலையில் இருக்கிறதோ அவருக்கு இந்தச் செலவு இரட்டிப்பு. வேலையையும் விடமுடியாது, வீட்டையும் விடமுடியாது என்பதால் இணையப் படிப்பை அதிகம் தேடுவதும் அவரே, பாதியில் நிற்பதும் அவரே. பாதியில் நின்றால் ‘ஒழுக்கம் போதாது’ என்பார்கள். என் கூடப் படித்தவர்கள் சிலர் நின்றது பாடம் புரியாமல் இல்லை, தேர்வு நேரத்தில் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்ததால். ஒரு பருவத்தைத் தள்ளிப்போட அனுமதிக்கும் விதி இருந்திருந்தால் முடித்திருப்பார்கள். விடைத்தாள் சொன்ன பயிற்றுநரை விட மலிவான விஷயம் இது, விதி மாற்றத்துக்குக் காசே வேண்டாம்.

கணக்கன்:

@மழைக்குருவி, அந்தப் பேரேடு இல்லாமல் கணக்கு முழுமையாகாது, உண்மை. அதனால்தான் முதலாளி வாரத்தில் சில மணி நேரம் படிப்புக்காக விட்டுக்கொடுப்பது கட்டண உதவியை விடப் பெரிய சலுகை என்று நினைக்கிறேன்.

ஆட்சேர்ப்பு:

முதலாளி பெயர் வந்துவிட்டதால் நானும் வருகிறேன். ஆள் எடுக்கும் பக்கம் இருப்பவன்.

பெக்கரின் பழைய கணக்குப்படி, எந்த நிறுவனத்திலும் பயன்படும் பொதுத் திறனுக்கு முதலாளி காசு கொடுக்கக்கூடாது, படித்துவிட்டுப் பக்கத்து நிறுவனத்துக்குப் போய்விடுவார். ஆனால் கொடுக்கிறார்கள். காபிக் கடை நிறுவனமான ஸ்டார்பக்ஸ் 2014-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஊழியர்களின் இணையவழி இளங்கலைப் படிப்புக்குக் கட்டணம் ஏற்கத் தொடங்கியது. அன்புக்காக இல்லை. ஆள் வேலையை விட்டுப் போவது அந்தத் தொழிலில் பெரிய செலவு, படிப்பு முடியும்வரை ஆள் இருப்பார். படிக்க ஆசைப்படுகிறவர்களே வேலைக்கும் விண்ணப்பிப்பார்கள், அதுவும் ஒரு வடிகட்டல்.

ஆறாம்விரல் கேட்ட அடையாள விஷயத்துக்கு என் அனுபவப் பதில்: பட்டத்தில் ‘இணையவழி’ என்று தனியாக எழுதியிருந்தால் இன்னும் பலர் தயங்குகிறார்கள், அதே பல்கலைக்கழகம், அதே தேர்வு, அதே பட்டம் என்றால் தயக்கம் குறைகிறது. பெயர் தெரியாத இடத்துச் சான்றிதழ்கள் பத்தை வரிசையாக ஒட்டிக்கொண்டு வருகிறவரிடம் நான் ஒன்றைத்தான் கேட்பேன், இதில் படித்ததை வைத்து என்ன செய்தீர்கள் என்று. பதில் வந்தால் பட்டம் எங்கே வாங்கியது என்று கேட்பதில்லை.

நூலடுக்கு:

பணம் எங்கே போகிறது என்பதை யாரும் பேசவில்லையே. பெரிய பல்கலைக்கழகப் பெயரில் வரும் பல இணையப் பட்டங்களை நடத்துவது பின்னால் இருக்கும் மேலாண்மை நிறுவனங்கள். விளம்பரம், சேர்க்கை, தொழில்நுட்பம் எல்லாம் அவர்கள் கையில், பதிலுக்குக் கட்டண வருமானத்தில் பாதியோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தங்கள் அமெரிக்காவில் சாதாரணம். அவற்றில் பெரியது 2யூ. 2021-இல் எடெக்ஸை 80 கோடி டாலருக்கு வாங்கியது, 2024 ஜூலையில் திவால் பாதுகாப்பு கேட்டு மனு போட்டது. இலவசக் கல்வி இயக்கமாகப் பிறந்த ஒன்றின் பயணம் இப்படி.

கட்டணத்தில் பாதி ஆள் பிடிப்பவருக்குப் போனால், விடைத்தாள் கேட்கும் பயிற்றுநருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? இணையத்தால் செலவு குறைந்தது, விலை குறையவில்லை. வித்தியாசம் விளம்பரத்துக்குப் போனது. இதை வளர்ச்சி என்று எழுதினால் எழுதிக்கொள்ளலாம், விளம்பரச் செலவும் உள்நாட்டு உற்பத்தியில்தான் சேரும்.

ஊசிமுனை:

எல்லாப் பாடமும் இணையத்துக்குத் தோதுப்படாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரேசிலில் உயர்கல்வியில் புதிதாகச் சேர்வோரில் பாதிக்கு மேல் தொலைவழிப் படிப்புக்கு வந்துவிட்டார்கள், அதில் பெரும்பங்கு தனியார் நிறுவனங்களிடம். தரம் பற்றிய புகார் முற்றி 2025 மே மாதம் அரசு ஆணை போட்டது: மருத்துவம், சட்டம், பல் மருத்துவம், செவிலியம், உளவியல் ஐந்தும் நேர்முக வகுப்பில் மட்டுமே. நான் செவிலியர். நோயாளியின் கையில் நரம்பு தேடுவதைக் காணொளியில் எத்தனை முறை பார்த்தாலும் கை பழகாது. சட்டத்தை ஏன் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை, அது வக்கீல்கள் சங்கத்தின் செல்வாக்கோ என்னவோ.

நூலடுக்கு:

உதாரணம் பொருத்தம். பெரியவர்களுக்கு இணையம் சரி, பள்ளி முடித்து வரும் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று கணக்கன் சொல்வதற்கு ஆதாரம் ஒன்றும் என்னிடமே இருக்கிறது. 2020-இல் அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் பொருளாதார அறிமுகப் பாடத்துக்கு மாணவர்களைக் குலுக்கல் முறையில் நேர்முகம், இணையம் என்று பிரித்தார்கள். ஆசிரியர் அதே ஆள், தேர்வும் அதே தேர்வு. இணைய வகுப்பில் மதிப்பெண் குறைந்தது, ஏற்கெனவே படிப்பில் பலவீனமானவர்களுக்கு அதிகமாகக் குறைந்தது. அதுவும் இராணுவக் கல்லூரி, ஒழுக்கத்துக்கு அங்கே பஞ்சமில்லை.

ஆறாம்விரல்:

இதையும் யோசியுங்கள். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024 மதிப்பீட்டில் உலகில் 260 கோடிப் பேருக்கு இணையமே இல்லை. வளர்ச்சி அதிகம் தேவைப்படும் இடமும் இணையம் இல்லாத இடமும் பெரும்பாலும் ஒன்றே. ஆக, முதலில் கம்பியும் கோபுரமும், அப்புறம் பட்டம்.

கணக்கன்:

@ஆறாம்விரல், இருக்கும் இடங்களிலும் கைப்பேசித் திரையில் முதுகலை படிக்கச் சொல்கிறோம் என்பதையும் சேருங்கள். ஆனால் இதன் மறுபக்கமும் உண்டு. இணையம் எட்டிய சிறு ஊரில், படிப்பதற்காக ஊரை விட்டுப் போனவர் திரும்புவது அபூர்வம். அங்கேயே இருந்து படித்தவர் அங்கேயே தங்க வாய்ப்பு அதிகம், அவருடைய சம்பளம் அந்த ஊரில் செலவாகும். நட்டம் யாருக்கென்றால் மாணவர் வாடகையை நம்பிப் பிழைக்கும் கல்லூரி நகரங்களுக்கு. அவர்கள் இதை விரும்பமாட்டார்கள்.

அரசு இணையவழிப் பட்டத்துக்கு மானியம் கொடுக்கிறது என்றால் மூன்று எண்களைக் கேட்பேன். சேர்ந்தவர்களில் வேறெங்கும் படிக்க வழியில்லாதவர் எத்தனை பேர், அவர்களில் முடித்தவர் எத்தனை பேர், முடித்தவருடைய சம்பளம் மூன்று வருடம் கழித்து என்ன. இப்போது வெளியிடுவது சேர்க்கை எண் மட்டும்தான்.

மழைக்குருவி:

அரசுக்குச் சொன்னது இருக்கட்டும். என் தங்கை அடுத்த பருவம் சேரலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள், கணக்கியல் வேலையில் இருக்கிறாள். அவள் என்ன கேட்கவேண்டும்?

விடைத்தாள்:

ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர் என்று கேட்கச் சொல்லுங்கள். எண்ணைச் சொல்லத் தயங்கினால் சேரவேண்டாம். பருவத்தைத் தள்ளிப்போடும் விதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். பட்டச் சான்றிதழில் என்ன அச்சிடுவார்கள் என்று மாதிரி கேட்கலாம்.

ஆட்சேர்ப்பு:

முதலில் தன் மேலாளரிடம் ஒரு கேள்வி: இந்தப் படிப்பை முடித்தால் எனக்கு என்ன வேலையைக் கொடுப்பீர்கள்? தெளிவான பதில் இல்லை என்றால் படிப்பை மாற்றலாம், இல்லை மேலாளரை மாற்றலாம்.